மூன்றாம் வாரத்துக் கணக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் உன்னோடு பேச நேரம் கிடைக்கவில்லை. இதே இடத்தில் தடுமாறுகிற ஜூனியர்கள் நிறையப் பேர் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

அந்தப் பதினைந்து வயதுப் பையனின் கேஸ் ஷீட்டில், "மூன்றாம் வாரம், 14 சதவீத முன்னேற்றம், மருந்தை மாற்றலாமா?" என்று எழுதியிருந்தாய். பான்ஸ் என்பது மனச்சிதைவு நோயின் கடுமையை அளக்கும் அளவுகோல், மதிப்பெண் கூடினால் நோய் அதிகம். சேர்ந்த அன்று அவன் மதிப்பெண் 100, இப்போது 86. நூறுக்குப் பதினான்கு என்று போட்டுவிட்டாய். பான்ஸில் 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. பூஜ்யமே கிடையாது. ஒரு கோளாறும் இல்லாத ஆள் வந்து உட்கார்ந்தாலும் 30 வாங்கிவிடுவான். அந்த முப்பதை முதலில் கழி. அப்புறம் பார், எழுபதுக்குப் பதினான்கு. சரியாக 20 சதவீதம்.

மருந்து வேலை செய்கிறதா என்று நாம் கோடு போடுவதும் அந்த இருபதில்தான். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 34 ஆய்வுகளை, 9,460 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. இரண்டு வாரத்தில் 20 சதவீதம்கூடக் குறையாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னாலும் தேறவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பெரியவர்களின் கணக்கு. 13 முதல் 17 வயதுக்காரர்களுக்கு அரிபிப்ரசோல் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுத்த ஆறு வார ஆய்வைத் திரும்ப அலசியபோது, மூன்றாம் வாரம்தான் நல்ல அடையாளமாகத் தெரிந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. 30 மி.கி. பிரிவில் இருந்தவர்களுக்கு அந்த அளவை எட்டவே 11 நாள் ஆனது. எட்டிய மூன்றாம் நாளே, அதாவது இரண்டாம் வார முடிவிலேயே, தீர்ப்பு எழுத முடியுமா?

இன்னொன்று, இந்தக் கணக்கு ஒரு பக்கம்தான் கூர்மை. ஆரம்பத்தில் அசையாதவர்களைப் பற்றி அது சொல்வதை நம்பலாம். சீக்கிரம் தேறியவர்கள் எல்லாரும் கடைசிவரை நன்றாக இருப்பார்கள் என்று அது உறுதி கொடுப்பதில்லை.

சரி, இருபதை எட்டவே இல்லை என்றால்? மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று முதலில் பார். தலையணை உறைக்குள் ஒன்பது மாத்திரை எடுத்திருக்கிறேன். டோஸ், கஞ்சா, நோய் நிர்ணயமே சரிதானா, இவை அடுத்தது. மருந்தை மாற்றுவது அதற்குப் பிறகு. மாற்றினால் பையன் கொடுக்கிற விலையையும் யோசி. இதே வகை மருந்தான ஓலன்சபினை முதன்முதலாகத் தொடங்கிய பிள்ளைகள் பதினோரு வாரத்துக்குள் சராசரியாக 8.5 கிலோ ஏறியதாக 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய பையன் அவன்.

இந்தப் பதினான்கு எங்கே குறைந்தது என்று பார்த்தாயா? கிளர்ச்சியும் பதற்றமும் மட்டும் குறைந்திருந்தால் அது வெறும் மருந்தின் தூக்கக் கலக்கமாக இருக்கலாம். சந்தேகம் குறைந்திருந்தால் கதையே வேறு. வந்த புதிதில், அம்மா போடும் சோற்றில் விஷம் என்று சொல்லி, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டைத் தவிர வேறெதையும் அவன் தொடவில்லை, நினைவிருக்கிறதா? திங்கட்கிழமை மறுபடி பான்ஸ் போடுவதற்கு முன் அந்த அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு ஒன்று கேள், பாக்கெட்டை இப்போது யார் பிரிக்கிறார்கள் என்று.

அன்புடன்,
அண்ணன்