பழைய வகுப்பறைக் கட்டடத்தின் கூரைப் பணிக்கு ஒப்புதல் வேண்டி மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்: அமெரிக்கக் கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர்கள்
பெறுநர்: மாநில வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். ரயில் பாதைக்கு மேற்கே மேட்டின் மேல் நிற்கும் எங்கள் கல்லூரியின் மூன்று மாடிக் கட்டடத்தைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அது குறித்துச் சென்ற வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வராததால், மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. மாணவர்களே மண் குழைத்துச் செங்கல் சுட்டுத் தங்கள் வகுப்பறைகளை எழுப்பியது அலபாமாவின் புகழ்பெற்ற கறுப்பினத்தவர் கல்லூரியான டஸ்கீகியில் மட்டும் நடந்ததன்று. எங்கள் கட்டடமும் அவ்வாறு எழுந்ததே.

2. வடகிழக்கு மூலையில் ஸ்லேட் ஓடுகள் சரிந்து, மழைநீர் மேல்மாடியிலிருந்து சுவர் வழியே இறங்குகிறது. முன்பு வேலை எடுத்த ஒப்பந்ததாரர் பழைய சுண்ணாம்புக் கலவையைச் சுரண்டிவிட்டு, செங்கற்களின் இடைவெளிகளில் சிமெண்ட் பூசியிருக்கிறார். இளஞ்சூட்டில் வெந்த அந்தப் பழைய செங்கல் குடிக்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டதால், ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்கால இரவுகளில் உறைந்து, கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. எங்களில் ஒருவரின் பாட்டனார் மாணவராக இருந்தபோது சுமந்த கற்களை, இன்று காலைதோறும் செந்தூளாகத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறோம்.

3. நிதித் தட்டுப்பாடு எங்களுக்குப் புதிதன்று. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கல்லூரிகளின் பழைய கட்டடங்களுக்காக 2 கோடியே 90 லட்சம் டாலர் வரை அனுமதித்தது. 1998-இல் நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் கணக்கெடுத்தபோதோ, 103 கல்லூரிகளின் 712 வரலாற்றுச் சொத்துகளைச் செப்பனிட 75 கோடியே 50 லட்சம் டாலர் தேவைப்பட்டது. ஆகவே இம்மனுவில் நாங்கள் பணம் கேட்கவில்லை. கேட்பது ஒரு கையெழுத்து. சுண்ணாம்புக் கலவையையே கொண்டு செய்யும் பணித் திட்டமும் வரைபடங்களும் முதல் மனுவோடு தங்கள் மேசைக்கு வந்துவிட்டன.

4. ஒப்புதலின்றிக் கூரையின் ஓர் ஓடுகூட மாற்றப்படக் கூடாது என்ற நிபந்தனையை மதிக்கிறோம். தங்கள் பதவிக்கு அடிப்படையான 1966-ஆம் ஆண்டு வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மழைக்கு அந்தச் சட்டம் தெரியுமா, அம்மையீர்? கட்டடத்தைப் பூட்டி வைத்தால் போதும் என்று தங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒருவர் அறிவுரை கூறினார். அட்லாண்டாவில் 1869-இல் கட்டப்பட்ட, எங்களுடையதைப் போன்ற கறுப்பினத்தவர் கல்லூரிக் கட்டடமான கெயின்ஸ் ஹாலும் பூட்டித்தான் கிடந்தது. 2015-இல் தீப்பிடித்து எரிந்தது. ஆளில்லாத கட்டடத்தைப் பூட்டு காப்பாற்றாது என்பதைப் பாதுகாப்புத் துறைக்கே நாங்கள் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது!

5. ஒருவரையாவது அனுப்புங்கள். ஏணி நாங்கள் வைத்திருக்கிறோம்.

வசந்த கால இடிமழை தொடங்குவதற்குள் ஆய்வாளர் ஒருவரை அனுப்பி, எங்கள் வரைபடங்களுக்கு ஒப்புதலோ திருத்தமோ எழுத்து மூலம் வழங்குமாறு மீண்டும் மீண்டும் வேண்டுகிறோம். திருத்தம் நூறு இருந்தாலும் செய்து தருகிறோம். பதில் மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
முன்னாள் மாணவர்கள்