மால்டாவிலிருந்து கோபாலுக்கு

அன்புள்ள கோபால்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்று படித்ததும் சரசுவுக்கும் எனக்கும் பெரிய நிம்மதி. இங்கே மகள் வீட்டில் எல்லாரும் நலம். அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல், இரவு என்று டியூட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் பேரனைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. மீதி நேரத்தில் பஸ் ஏறி ஊர் சுற்றுகிறேன்.

அக்டோபரில் நீயும் தங்கச்சி மீனாட்சியும் வருவதாக எழுதியது மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜூலை, ஆகஸ்டு வெயிலைத் தவிர்த்தது நல்ல முடிவு. ஆனால் “அவ்வளவு சின்னத் தீவில் ஒரு வாரம் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறாயே, நாற்பது வருஷம் சரித்திர வாத்தியாராக இருந்தவன் கேட்கிற கேள்வியா அது? கோஸோ, கொமினோ தீவுகளையும் சேர்த்து மால்டா நாடே மொத்தம் 316 சதுர கிலோமீட்டர், நம் சென்னை மாநகராட்சியை விடச் சின்னது. ஆனாலும் ஒரு வாரம் உனக்குப் போதாது.

டூர்க்காரர் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். முதலில் கொமினோ தீவின் நீலக் கடற்குளம். தண்ணீர் அழகுதான், மறுக்கவில்லை. படகு படகாகக் கொண்டுவந்து ஆட்களை இறக்குகிறார்கள், துண்டு விரிக்க இடம் கிடைக்காது. அடுத்து கோஸோ தீவின் அஸூர் ஜன்னல் என்று போட்டிருக்கிறார். கடலுக்குள் நின்ற அந்தப் பாறை வளைவு 2017 மார்ச் 8-ம் தேதி புயலில் இடிந்து விழுந்தாயிற்று. அதை இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறவரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேள்.

தலைநகர் வல்லெட்டாவில் ஆரம்பி. ரோட்ஸ் தீவிலிருந்து துருக்கியர் விரட்டிய, கிறிஸ்தவத் துறவிப் படையான செயின்ட் ஜான் சபையின் வீரர்களுக்கு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530-ல் மால்டாவைக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு வல்லூறுதான் வாடகை. 1565-ல் துருக்கியப் படை வந்து மே முதல் செப்டம்பர் வரை முற்றுகையிட்டது. சபை தாக்குப்பிடித்தது. மறுவருஷமே தலைவர் லா வலெட், வெறும் பாறை முகட்டில் ஒரு புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பேரில்தான் ஊர். தெருக்களெல்லாம் நேர்கோடு, ஆனால் முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் கடலை நோக்கிச் சரிகின்றன, பல இடங்களில் படிக்கட்டாகவே. உன் முழங்காலுக்காகச் சொல்கிறேன், துறைமுகத்திலிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, அதில் ஏறு. மத்தியானம் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். கூட்டம் அதற்காக வருகிறது. எனக்கு என்னவோ, எதிரே கோட்டைகளும் மூன்று நகரங்களும் விரிந்து கிடக்கிற அந்தப் பெரிய துறைமுகமே போதும்.

செயின்ட் ஜான் பேராலயம் வெளியிலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே போனால் சுவரெல்லாம் தங்கம். கூரை முழுக்க மத்தியா பிரெத்தி தீட்டிய ஓவியங்கள். நடக்கிற தரையே சமாதிகள்: ஏறத்தாழ 400 வண்ணப் பளிங்குப் பலகைகள், மண்டையோடும் மணற்கடிகாரமும் பதித்தவை. பக்கத்து மண்டபத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜியோவின் ஓவியம், ஸ்நானக யோவானின் தலையை வெட்டுகிற காட்சி. 1608-ல் வரைந்தது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அதுதான். கழுத்திலிருந்து வழிகிற ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பி இங்கே வந்த ஆள். சபை அவரைச் சேர்த்துக்கொண்டது, சில மாதத்திலேயே அடிதடியில் மாட்டிச் சிறைக்குப் போனார், அங்கிருந்தும் தப்பி சிசிலிக்கு ஓடிவிட்டார். அந்த ஓவியம் தொங்கிய அதே மண்டபத்தில் கூடித்தான் சபை அவரை நீக்கியது. நீ போனால் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடு. ஓவியத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை, இருட்டும் வெற்றுச் சுவரும்தான். அந்த வெறுமைதான் ஆளை அசைக்கிறது.

இதெல்லாம் பார்த்துத் தீர்ந்த பிறகு எனக்குக் கொஞ்சம் திகட்டிவிட்டது, கோபால். இங்கே எந்த வழிகாட்டியும் வீரர்களின் தியாகத்தை மூச்சு விடாமல் சொல்வார். சபையில் இருந்தவர்கள் ஐரோப்பாவின் பெரிய வீட்டுப் பிள்ளைகள். முற்றுகையின்போது அவர்கள் சில நூறு பேர்தான், மதில்மேல் நின்று செத்தவர்களில் பெரும்பகுதி உள்ளூர்க் குடியானவர்களும் கூலிப்படையும். சபையின் போர்க் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் சங்கிலி போட்ட அடிமைகள், அநேகமாக வடக்கு ஆப்பிரிக்காவிலும் துருக்கியிலும் பிடித்தவர்கள். எதிர்ப்பக்கமும் லேசில்லை. 1551-ல் துருக்கியக் கடற்படைத் தளபதி துர்குத் ரெயிஸ் கோஸோவைத் தாக்கி, ஏறக்குறைய தீவில் இருந்த எல்லாரையும், ஐயாயிரம் பேர் வரை, அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனார். கோஸோவின் நடுவில் இருக்கிற சித்தடெல்லா கோட்டை மதிலில் நின்று கடலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்.

அதனால் உனக்கு என் யோசனை: இந்தத் தீவுக்காரர்களே கட்டியதைத் தேடிப் பார். மொஸ்தா என்ற ஊரின் வட்டக் கோயிலுக்கு உன்னை நானே கூட்டிப்போகிறேன். என்னைப் போலப் பொதுப்பணித்துறையில் காலம் தள்ளியவன் கண்ணுக்கு இந்தத் தீவிலேயே பெரிய வேலை அதுதான். 1833-ல் ஆரம்பித்தார்கள். பழைய கோயிலை இடிக்கவில்லை. அதைச் சுற்றியே புதுச் சுவரை எழுப்பி, உள்ளே பூசை நடந்துகொண்டிருக்கும்போதே மேலே குவிமாடத்தையும் கட்டினார்கள். அப்புறம்தான் பழைய கோயிலைப் பிரித்து வெளியே எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் ஓய்வு நாட்களில் இலவசமாக வந்து கல் சுமந்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜெர்மன் குண்டு ஒன்று அந்தக் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு, பூசைக்குக் கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவே விழுந்தது. வெடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே மாதம் 15-ம் தேதி பிரிட்டிஷ் மன்னர் மொத்தத் தீவுக்கும் வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருது கொடுத்தார். இன்றும் நாட்டுக் கொடியின் மூலையில் அது இருக்கிறது.

காலத்தில் இன்னும் பின்னால் போனால் ஹஜார் இம், இம்நைத்ரா என்ற கற்காலக் கோயில்கள். தெற்குக் கரையில், கடலைப் பார்த்த சரிவில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. கிறிஸ்துவுக்கு முன் 3600-லிருந்து 3200-க்குள் கட்டியவை என்கிறார்கள். ஹஜார் இம்மில் ஒரே கல் இருபது டன் எடை. இரும்பும் கிடையாது, வெண்கலமும் கிடையாது. இம்நைத்ராவில் சம இரவு பகல் நாளன்று காலைச் சூரியன் வாசல் வழியாக நேரே உள்ளறைக்குப் போகிறது. சுண்ணாம்புக் கல் காற்றுக்கும் மழைக்கும் பொடிகிறது என்று 2009-ல் மேலே பெரிய கூடாரம் போட்டார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கல் நிற்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பேன். கோஸோவில் இருக்கிற ஜிகன்டியாவும் அதே காலத்தது. எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் வருஷம் முந்தியது! ஒரு ராட்சசி பிள்ளையைச் சுமந்துகொண்டே கட்டினாள் என்று அங்கே கதை சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் உச்சம் ஹால் சஃப்லியெனி ஹைபோஜியம். பவோலா ஊரில், சாதாரண வீதிக்கு அடியில், பாறையைக் குடைந்த மூன்று அடுக்கு இடுகாடு. மான்கொம்பும் கல் உளியும் வைத்துக் குடைந்தது. ஏழாயிரம் பேரின் எலும்பு வரை இருந்ததாகக் கணக்கு. 1902-ல் வீடு கட்ட வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டி வெட்டும்போது மேல்தளத்தை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உள்ளே செங்காவிச் சுருள்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. மனிதர் மூச்சுக் காற்றே அவற்றைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள். டிக்கெட் மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துபோகும். உள்ளே கிடைத்த தூங்கும் பெண் சிலை இப்போது வல்லெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சாய்ந்து படுத்து, கையைத் தலைக்கு வைத்து, நன்றாகத் தூங்குகிறாள். சரசு அதன் முன்னாலிருந்து நகர மறுத்துவிட்டாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தலைநகர் இம்தீனாவுக்குச் சாயங்காலம் போ, பகலில் கூட்டம். மார்சஷ்லொக் மீன்பிடித் துறையில் படகுகளின் முகப்பில் கண் வரைந்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் உண்டு. மீனாட்சி சைவம் என்று கவலைப்படாதே. பட்டாணி வைத்த பாஸ்டிட்சி என்ற பப்ஸ் எந்தத் தெருவிலும் சுடச்சுடக் கிடைக்கும். ஆரஞ்சும் மூலிகையும் போட்ட கின்னி என்ற குளிர்பானம் கசக்கும். பேரன் குடிக்கிறான், எனக்கு ஆகவில்லை.

இன்னொரு இடம், எந்தப் பட்டியலிலும் இருக்காது. முதல் உலகப் போரில் துருக்கியின் கல்லிப்போலி போர்முனையில் காயம்பட்டவர்களில் பலரைக் கப்பலில் மால்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். தீவே ஒரு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்திருக்கிறது. அந்தப் போரின்போது இங்கே இறந்துபோன இந்தியச் சிப்பாய்களுக்கு பியெத்தா ராணுவக் கல்லறையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மகள் வேலைக்குப் போகிற பஸ் பாதைக்குப் பக்கத்தில்தான்.

ஷெங்கன் விசாவுக்கு இப்போதே மனுப் போடு. சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, துபாய் மாதிரி ஊரில் மாறி வர வேண்டும். வழுக்காத செருப்புக் கொண்டு வா, பழைய தெருக்கல் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. வரும் தேதி முடிவானதும் அன்றைக்கே எழுது அல்லது போன் பண்ணு. ஹைபோஜியத்துக்கு நாலு டிக்கெட் நான் போட்டுவிடுகிறேன், சரசு இரண்டாம் முறை வருகிறாளாம். அதற்குள் குறுகலான படி இறங்கலாமா என்று உன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டு வை.

அன்புடன்,
உன் நண்பன் சுந்தரம்