படுக்கையருகே ஜெபிக்க வருகிறவர்களுக்கு

ஊழியக்காரர்களுக்கும், வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய் ஜெபிக்கிற அக்கா, அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பலர் கஞ்சியோ, பழமோ, ஆட்டோவுக்குக் காசோ ஏதாவது ஒன்றோடுதான் வந்தார்கள். அதை மறக்க மாட்டேன். ஆனால் ஒருநாள் வந்தவர், கைவைத்து ஜெபித்து முடித்துவிட்டு, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. கல்யாணமான புதிதில் மாமியாரை எதிர்த்துப் பேசியது வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கீமோகூட அவர்களை அப்படி உடைக்கவில்லை.

பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதானே, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று? இரண்டும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார் (யோவான் 9). சுகம் வராவிட்டால் விசுவாசம் குறைவு என்கிறீர்கள். அப்போஸ்தலன் பவுல், மாம்சத்தில் ஒரு முள் என்று அவரே சொன்ன உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார், அந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. அவ்வளவு ஏன், நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா, 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார்களே, அவர்களுக்கும் விசுவாசம் இல்லையா?

சுகத்துக்காக ஜெபிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உரிமையோடு ஜெபியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள், சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தான்.

இன்னொன்று. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுச் செருப்பைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வார்த்தை உண்மைதான், நானும் அதை நம்புகிறேன். ஆனால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் அதைச் சொன்னது யார்? பாடுகளின் பாத்திரத்தைக் குடிக்கவேண்டிய இயேசுவேதான், அதுவும் இது நீங்கக்கூடாதா என்று கேட்டு, இரத்தத்துளிகள் போல வியர்வை விழ மன்றாடிச் சொன்னார். கூட இருந்த மூன்று பேரிடம் அவர் கேட்டது என்னோடு விழித்திருங்கள் என்பதைத்தான், அதுகூட அவர்களால் முடியவில்லை. எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள், வாய் திறந்து அவர்மேல் பாவத்தைச் சுமத்தியபோதுதான் கெட்டது.

போன மாதம் ஒரு விடியற்காலையில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அம்மாவே "உம்முடைய சித்தம் ஆகட்டும்ப்பா" என்று ஜெபித்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு வர அவர்களுக்கு எட்டு மாதம் ஆனது.

மறுபடியும் வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும், கீர்த்தனை பாடினால் கூடவே பாடுவார்கள்.