தூய்மைப் பணிக்கும் மயானப் பணிக்கும் தொழிற்சான்றிதழ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள பிரிவுகளை விரிவாக வெளியிடுகின்றன. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று நீளும் அப்பட்டியல், கோரிமேடு அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவுகிறது. அந்தப் பட்டியலில் உரிய இடம் பெறாத இரண்டு தொழில்களைப் பற்றி, சேலம் மாவட்டத்து நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன். ஒன்று துப்புரவு, மற்றொன்று இறந்தவர் உடலைக் கையாண்டு அடக்கம் அல்லது தகனம் வரை கொண்டுசேர்க்கும் பணி.

தேசியப் பாடத்திட்டத்தில் சுகாதார ஆய்வாளருக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. விடுதி அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பருக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. தெருவையும் மருத்துவமனை வார்டையும் பேருந்து நிலையக் கழிப்பறையையும் சுத்தம் செய்கிறவருக்கோ அதே தரத்தில் ஒன்றும் இல்லை. மேற்பார்க்கிறவர் படித்துவிட்டு வர வேண்டும், செய்கிறவர் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று நாம் முடிவு செய்திருக்கிறோம் போலும். 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தின் கீழ், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று அளிக்கும் முறை ஒன்று இருப்பதையும், தூய்மைப் பணிக்கும் கழிவுநீர்த் தொட்டிப் பணிக்கும் தகுதிநிலைகள் வகுக்கப்பட்டிருப்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சான்றிதழைக் கேட்டு வேலை கொடுப்பவரும் இல்லை, அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டுபவரும் இல்லை என்பதால், அது பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதமாகவே இருந்துவிடுகிறது.

துப்புரவில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், திருமணம் முடிந்த மறுநாள் காலையில் ஏதேனும் ஒரு மண்டபத்தின் கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்க்கலாம். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தவுடன் குளோரின் வாயு கிளம்பும். காற்றுப் போக்கு இல்லாத சிறு அறையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது நேராக நுரையீரலுக்குள் போகும். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு இருமியபடியே வேலையை முடிப்பவரை நான் பலமுறை நிறுத்தி வெளியே அனுப்பியிருக்கிறேன். மருத்துவமனையில் ரத்தம் சிந்திய இடத்தைத் துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உறிஞ்சும் துணியையோ தாளையோ மேலே போட்டு, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநீக்கிக் கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்ட பிறகே துடைக்க வேண்டும். கடையில் ஐந்து சதவீதத்தில் கிடைக்கும் கரைசல் என்றால் அதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். கலந்ததை வெயிலில் வைக்காமல் அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும். இதையெல்லாம் சுவரில் ஒட்டிய ஆங்கில அறிவிப்பு கற்றுத்தராது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வகுத்திருக்கும் நிறங்களுக்கும் இது பொருந்தும். எந்தப் பையில் எதைப் போட வேண்டும் என்பதை ஒருவர் கையில் எடுத்துப் போட்டுப் பழகினால்தான் ஊசி குத்தாமல் தப்பிக்க முடியும்.

கழிவுநீர்த் தொட்டியின் கதை இதைவிடக் கொடியது. அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் இறங்குவது சாவுக்குள்தான். அவரைத் தூக்கப் போகும் இரண்டாமவரும் அப்படியே விழுகிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. இத்தகைய மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆகவே, இந்தப் பிரிவில் கற்பிக்க வேண்டியது உறிஞ்சும் வாகனத்தையும் அடைப்பு நீக்கும் இயந்திரத்தையும் வாயு அளவிடும் கருவியையும் இயக்குவதைத்தான். பயிற்சி பெற்றவர்தானே, இறங்கட்டும் என்று எவரும் சொல்வதற்குச் சான்றிதழ் ஒரு போதும் இடம் தரக்கூடாது.

ஏற்காட்டு விடுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடை விழாக் காலத்தில் ஒரு குடும்பம் அறையைக் காலி செய்யும்போதே அடுத்த குடும்பம் வராந்தாவில் காத்திருக்கிறது. கழிப்பறையைத் துடைத்த துணியே அவசரத்தில் தண்ணீர்க் குவளையையும் துடைத்துவிடுகிறது. கழிப்பறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, பொது இடத்துக்கு நீலம் என்று துணிகளையும் வாளிகளையும் பிரித்து வைக்கும் பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்ற எந்தப் பெரிய முதலீடும் வேண்டாம். சுற்றுலாவை நம்பி வாழும் மலைக்கிராமத்துப் பெண்கள் அடிவாரம் இறங்காமலேயே இதைக் கற்க ஏற்காட்டிலேயே ஒரு பயிற்சி மையம் போதும்.

இறுதிப் பணிக்கு வருகிறேன். இதற்கு நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெயரளவுக்குக்கூட ஒரு பிரிவு கிடையாது. ஜெர்மனியில் 2003 முதல் இதற்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி இருக்கிறது. முன்னர்ஸ்டாட் என்ற ஊரில் பயிற்சிக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்து, மாணவர்களைக் குழி வெட்டவும் மூடவும் பழக்குகிறார்கள். ஜெர்மனியில் கட்டடத் துப்புரவும் மூன்றாண்டு படித்துத் தேறும் தொழில்தான். நம் ஊருக்கு மூன்றாண்டு தேவையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆறு மாதமாவது வேண்டும் என்பதில் இல்லை.

எரிவாயு தகன மேடையில் பணிபுரிகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இறந்தவரின் நெஞ்சில் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டிருந்தால் அதை முன்பே அகற்றியாக வேண்டும். உலையின் வெப்பத்தில் அதன் பேட்டரி வெடிக்கும். இதை உறவினரிடம் கேட்டு அறிய வேண்டியவர் அவரே. அழுதுகொண்டிருப்பவரிடம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதும் பயிற்சியில் வர வேண்டிய பாடம்தான். வெளி மாநிலத் தொழிலாளி ஒருவர் இங்கே இறந்து, உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்ப வேண்டி வந்தால் உடல் கெடாமல் பதப்படுத்தும் எம்பாமிங் செய்ததற்கான சான்று கேட்பார்கள். அதற்குப் பயன்படும் ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அதைக் கையாளும் உதவியாளரோ பெரும்பாலும் சாதாரணத் துணி முகக்கவசத்தோடு நிற்கிறார். வாடகைக்கு வரும் குளிர்பதனப் பெட்டியைப் பந்தலில் இறக்கிவைப்பவரும் இந்தப் படிப்புக்கு உரியவரே. மூன்று முள் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு கம்பிகளை நேராகச் சொருகி, எர்த் இல்லாமல் இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மழை ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் உறவினர்கள் அந்த இரும்புப் பெட்டியின் மேல் சாய்ந்துதான் அழுவார்கள்.

இந்தப் படிப்பு யாருக்கு என்ற கேள்விக்கு நேர்மையான விடை இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நன்மை தராது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இருபது ஆண்டுகளாகத் தெரு கூட்டுகிற பெண்கள் அனைவரும் வெளியே நிற்பார்கள். அவர்கள் செய்த வேலைக்கே புதியவர்கள் சான்றிதழோடு வந்து அமர்வார்கள். எனவே, பணியில் இருப்பவர்களுக்கு முதல் இடம் தந்து, தமிழில் வாய்மொழியாகவும் செய்முறையாகவும் தேர்வு நடத்த வேண்டும். அதே சமயம், மயானப் பணியாளரின் மகன் என்பதாலேயே ஒரு மாணவனை இந்தப் பிரிவுக்குத் தள்ளிவிடும் ஆலோசகர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் தலையில் கட்டப்பட்ட வேலை அரசு முத்திரையோடு மறுபடியும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தால், அதைவிடப் படிப்பு இல்லாமல் இருப்பதே மேல். வெல்டர் பிரிவில் சேர்வது போல எந்த வீட்டுப் பிள்ளையும் வந்து சேரும் படிப்பாக இது இருக்க வேண்டும். சம்பளம் உயர்ந்தால் வருவார்கள் என்றே நான் நம்புகிறேன்.

சம்பளத்துக்கான வழி உள்ளாட்சிகளின் கையிலேயே இருக்கிறது. துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும்போது, சான்று பெற்றவருக்குக் கூடுதல் ஊதியம் என்பதையும், பயிற்சி நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்பதையும், ஒப்பந்ததாரர் மாறினாலும் பணியாளரின் சான்றும் பணிக்காலப் பதிவும் தொடரும் என்பதையும் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் எழுதிவிடலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சேலம் மாநகராட்சியும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் சேர்ந்து முதல் அணியைத் தொடங்கினால் ஆத்தூரும் மேட்டூரும் பின்தொடரும்.

வகுப்பு நேரத்தைக் குறித்து ஒன்று. தெருப் பணியாளர்கள் விடியற்காலையில் வேலையைத் தொடங்குகிறவர்கள். காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பு என்று அறிவித்தால் ஒருவராலும் வர இயலாது. பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வைத்தால், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் பெண்கள் வீடு சேர்ந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.