என் மகனோடு பொறுமையாகக் கதைத்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கு,

இந்த முறை வற்றாப்பளை அம்மன் பொங்கலில் என் மகன் இரண்டு மணித்தியாலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு வருடத்துக்கு முன் மேளச்சத்தம் தொடங்கியதும் மணலில் விழுந்து அழுதவன். அன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான் இன்று நன்றி சொல்ல எழுதுகிறேன்.

அவனுக்கு ஏழு வயது. நாலு வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். "2009 யுத்தத்தில் நீ பட்ட பயம்தான் பிள்ளையில் இறங்கியிருக்கு" என்று ஒருவர் சொன்னதை நம்பி எத்தனையோ இரவு அழுதிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பேச்சுப் பயிற்சி தந்த அக்காவிடம் அதைச் சொன்னபோது எழுந்து வந்து பக்கத்தில் இருந்தா. மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது, உங்கட பிழை ஒன்றும் இல்லை என்றா. அக்கா, அன்றிரவுதான் நான் நித்திரை கொண்டேன்.

சந்திக் கடை அண்ணைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "தம்பிக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் மகனும் "தம்பிக்கு என்ன வேணும்?" என்பான். நின்றவர்கள் சிரிப்பார்கள். கேள்வி கேட்காமல், அவன் சொல்லவேண்டியதையே சொல்லிக்காட்டச் சொன்னா அக்கா. நான் தயங்கித் தயங்கித்தான் அண்ணையிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவனைக் கண்டதும் அண்ணை லாச்சியை மூடிவிட்டு, "எனக்கு இஞ்சி பிஸ்கட் தாங்கோ" என்று தானே சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அவசரப்படுத்தமாட்டார். மூன்று மாதம் போயிருக்கும். ஒரு மழைநாள், அண்ணை அரிசி நிறுத்துக்கொண்டு நின்றார். மகன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, "எனக்கு இஞ்சி பிஸ்கட் தாங்கோ" என்றான். அண்ணையின் கையிலிருந்து அரிசி நிலத்தில் கொட்டினது இப்பவும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, கிரிக்கெட்டில் துடுப்பைப் பிடித்தால் அவன் விடமாட்டான். தன் முறை, மற்றவர் முறை என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒன்றில்லையே. தொப்பி யார் தலையிலோ அவருக்குத்தான் துடுப்பு என்று நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது தானே தொப்பியைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைக்கிறான், காது மறைய அழுத்தி!

முன்பள்ளி ரீச்சர், "என்ர கண்ணைப் பார்" என்று நான் அவன் தாடையைத் திருப்பியபோது நீங்கள் தடுத்தீர்கள். பார்க்காமலும் அவன் கேட்பான் என்றீர்கள். அது உண்மை. அவன் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும் பொங்கலுக்கென்று படம் கீறிச் சிறு புத்தகம் செய்து தந்தீர்கள். கரோல் கிரே என்ற ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கிய 'சமூகக் கதை' முறை அது என்று சொன்னீர்கள். "கோயிலில் மேளம் அடிப்பார்கள். சத்தம் பெரிதாக இருக்கும். நான் காதைப் பொத்தலாம். கச்சான் கடைப் பக்கம் அம்மாவோடு போகலாம்." செய்யாதே என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டு கிழமை ஒவ்வொரு இரவும் வாசித்தோம்.

யாழ்ப்பாண பஸ்ஸில் யன்னல் பக்க இருக்கையை அவனுக்கென்று விட்டுத்தந்த எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், முடிவெட்டும் கடை அண்ணைக்கு: வாற ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அதற்கும் ரீச்சர் படம் கீறித் தந்திருக்கிறா. மெஷினை முதலில் அவன் கையில் கொடுத்து ஓடவிட்டுக் காட்டுங்கோ.

ஒரு தாய்,
முள்ளியவளை.