வாயைக் கட்டுன்னு எழுதறது ஈஸிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை ஆரோக்கியப் பக்கத்துல தொப்பை குறையணும்னா வாயைக் கட்டுங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு.

நான் பாலக்கோடு பக்கம், ஓசூர்ல ஒரு கம்பெனியில நைட் ஷிப்ட். காலைல கம்பெனி பஸ் இறக்கி விட்டதும் வீட்டுக்கு வந்து ஒரு உருண்டை களியும் கீரைக் கடைசலும் சாப்ட்டு எட்டரைக்குப் படுத்தா பன்னெண்டரைக்கெல்லாம் முழிப்பு தட்டிடும், சீட்டு போட்ட வீடு, வெயில் ஏறுனா உள்ள வேகும், அது பத்தாதுன்னு தக்காளி வண்டிக்காரன் ஹாரன் வேற. எந்திரிச்சு சோறு தின்னாலும் அடங்காது, கை தானா மிக்சர் டப்பாவுக்குப் போகும். எங்கம்மா "உனுக்கு வயித்துப் பசி இல்ல சாமி, கண்ணுப் பசி"ம்பாங்க. நானும் நம்ம நாக்கு தான் சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் கிரெலின் பத்திப் படிச்சேன். 1999ல ஜப்பான்ல கோஜிமா, கங்காவான்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது, இரைப்பைல சுரந்து ரத்தத்துல போயி மூளைகிட்ட சோறு கேக்கற ஹார்மோன். சாப்பாட்டு வேளைக்கு முன்னாடி ஏறும், சாப்ட்டதும் இறங்கும். கொழுப்புல இருந்து வர்ற லெப்டின் இதுக்கு நேர் எதிர், போதும் கையக் கழுவுன்னு சொல்றது. 2004ல சிகாகோ யுனிவர்சிட்டிக்காரங்க 12 வாலிபப் பசங்கள ரெண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டிருக்காங்க. அதே பசங்க 10 மணி நேரம் படுத்தப்ப இருந்தத விட கிரெலின் 28 சதவீதம் கூட, லெப்டின் 18 சதவீதம் கம்மி. அதுவும் இனிப்பு, உப்பு அயிட்டம் மேலதான் ஆசையாம். அட, நம்ம மிக்சர் டப்பா!

12 பேர்தான், சின்ன ஆராய்ச்சி, எல்லாப் பழியையும் கிரெலின் தலைல போட முடியாதுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீன்ல நாலு பரோட்டா முழுங்கினது நான்தான். ஆனா வாயைக் கட்டி எடையைக் குறைச்சாலும் இந்தக் கிரெலின் முன்ன விட ஏறிக்கும்னு 2002லயே அமெரிக்காவுல பாத்திருக்காங்க. எங்க லைன்ல ஒருத்தர் எட்டு கிலோ குறைச்சிட்டு ஆடி போயி கார்த்திகை வர்றதுக்குள்ள பழைய பேண்ட்டையே தேடுனாரு, நாங்க எல்லாம் அவர ஓட்டி எடுத்தோம், இப்ப நெனச்சா பாவமா இருக்கு.

அதனால அடுத்த வாட்டி தூக்கத்தப் பத்தி அரைப் பக்கமாச்சும் போடுங்க, ஷிப்ட் போறவன் பகல்ல எப்படித் தூங்கறதுன்னு ஒரு டாக்டரக் கேட்டு எழுதுங்க. நைட் கேன்டீன்ல பரோட்டாவோட அவிச்ச முட்டையும் சுண்டலும் வைக்கலாமேன்னு ஒரு வரி சேத்துக்கங்க, பேப்பர்ல வந்தா கம்பெனிக்காரங்க கண்ணுல படும், நாங்க சொன்னா எங்க கேக்கறாங்க.

இப்படிக்கு,
ஷிப்ட் போற ஒரு வாசகன்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்