பட்டியலில் மூன்று வரி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைத் தினமும் படிக்கிறவன் நான். காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றி வைத்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். எந்தக் கோயிலில் யார் உபன்யாசம், எந்த சபாவில் யார் கச்சேரி, எங்கே நூல் வெளியீடு, எங்கே இலவசக் கண் பரிசோதனை என்று எல்லாம் அதில் இருக்கும். ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவை மட்டும் அதில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

ஈஞ்சம்பாக்கத்தில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். 26 வருடம் ஆகிறது. சாமி படம், கல்யாண போட்டோ, இறந்துபோனவர்கள் படம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் வரும். அதோடு இந்தப் பக்கத்து ஓவியர்களின் கேன்வாஸும் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டினால் கோவளம் வரைக்கும் வரைகிறவர்கள், சிற்பம் செய்கிறவர்கள், களிமண்ணில் வேலை செய்கிறவர்கள் என்று நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது கேன்வாஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். பெயின்ட் வாசனைகூடப் போயிருக்காது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூலையில் துணியைச் சுருக்கம் விழாமல் மடித்து, பின் அடித்துக் கொடுப்பேன். ஊர் பார்ப்பதற்கு முன்னால் நானும் கடைப் பையனும் அந்தப் படங்களைப் பார்த்துவிடுகிறோம். பின்பக்கத்தையும் பார்க்கிறோம். ஓவியர் பென்சிலில் பெயரும் வருடமும் எழுதியிருப்பது அங்கேதான். சில பேர் முன்பு வேறு தலைப்பு எழுதி அடித்துவிட்டு, கீழே புதுத் தலைப்பு எழுதியிருப்பார்கள்.

போன ஐப்பசியில், அடை மழை விட்ட ஒரு நாள், பக்கத்துக் குப்பத்து அண்ணன் ஒருவர் தன் அப்பாவின் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கருப்பு வெள்ளைப் படம். கடற்காற்றில் ஈரம் ஏறி, போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அந்தக் காலத்தில் அதை வைக்காமல் கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திப் பின்னால் ஆணி அடித்துவிடுவார்கள். அப்படி ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். “கண்ணாடியோடயே ஸ்கேன் எடுத்துப் புதுசா பிரிண்ட் போடலாம்ணே, இதை இப்படியே பத்திரமா வைங்க” என்றேன். சரி என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

எதிர்ச் சுவரில் வாடிக்கையாளர் ஒருவருக்காகப் போட்டு வைத்திருந்த படம் மாட்டியிருந்தது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதி அது. கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்துக்குள்ளும் வெளியிலும் எழுத்து மாதிரி நுணுக்கி நுணுக்கி வரிகள், நடுநடுவே சின்னச் சின்ன உருவங்கள். அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “இது யாரோட ஜாதகம், தம்பி?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டங்களைத்தான் எடுத்துக் கையாண்டார். அதை விவரமானவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இவர் யாரும் சொல்லாமல் கண்டுபிடித்துவிட்டார்.

“ஜாதகம் மாதிரிதான் அண்ணே, ஆனா யாரோடதும் இல்லை” என்றேன்.

“படிக்க முடியலையே.”

“படிக்கிறதுக்கு எழுதலை. பார்க்கிறதுக்கு எழுதினது.”

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். “நாங்க வலை மிதவையில குறி போடுவோம்ல, அது மாதிரி இருக்கு. அவங்கவங்க குறி அவங்கவங்களுக்குத்தான் தெரியும்” என்றார். பணிக்கரின் படத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கேட்ட எத்தனையோ பேச்சில் இதுதான் மனதில் நின்றது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் ஒரு கூடத்தில் கண்காட்சித் திறப்பு. படங்களுக்குச் சட்டம் போட்டது நான்தான். “வாங்கண்ணே, நிஜ ஓவியமே பார்க்கலாம்” என்று கூப்பிட்டேன். வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, சட்டை, கூடவே எட்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. வாசலில் இருந்தவர் “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அவர் யாரையும் பார்க்க வரவில்லை, படம் பார்க்க வந்தவர். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். நான் உள்ளே கோணலாகத் தொங்கிய ஒரு படத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை போட்டோவை வாங்க வந்தபோதுதான் சொன்னார்: “எல்லாரும் கார்ல வர்றாங்க, இங்கிலீஷ்ல பேசுறாங்க. நமக்கு எதுக்கு தம்பின்னு வந்துட்டோம்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வாசலில் இருந்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதை அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கும் அது தெரியாது. என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளை வைத்துச் சொல்கிறேன். டிக்கெட் உண்டா? படம் வாங்கியே ஆக வேண்டுமா? அழைப்பிதழ் இல்லாமல் போனால் அசிங்கமா? நான் வேலை பார்த்த கூடங்களில் திறப்பு விழாவுக்குக் கட்டணம் என்று எதுவும் வாங்கியதில்லை. குத்துவிளக்கு ஏற்றுவார்கள், இரண்டு பேர் பேசுவார்கள், டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம். வாங்குகிறவர்கள் நாலைந்து பேர்தான், மற்ற எல்லோரும் பார்க்க வந்தவர்கள். வரைந்தவரே அங்கே நிற்பார். “இது ஏன் இப்படி இருக்கு?” என்று நேரே கேட்கலாம். கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். என் கடை வாடிக்கையாளரான ஓவியர் ஒருவர் சொன்னார், திறப்பு விழாவில் எல்லோரும் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்களாம், கேள்வி கேட்க ஆள் இல்லையாம்.

இன்னொன்று, இந்தக் கடற்கரை ஓரத்தில் ஓவியர்கள் வந்து தங்கியதே எப்படி என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சோழமண்டலம் ஓவியர் கிராமம் எங்கள் ஈஞ்சம்பாக்கத்தில்தான் இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். அவரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து, துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் மணலும் சவுக்கும் கிடந்த இந்த இடத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. பகலில் கைவினைப் பொருள் செய்து வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் தங்கள் படத்தை வரைந்தார்கள். கைத்தொழிலால் எழுந்த ஊர் இது. பிரேம் போடுகிற எனக்கும் வலை பின்னுகிற அந்த அண்ணனுக்கும் இதன் வாசலில் தயங்கி நிற்க எந்தக் காரணமும் இல்லை.

இங்கே இருந்த கே. ராமானுஜம் என்ற ஓவியரின் பெயர் நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்க் பேனாவால் கோட்டை, மாடம், படிக்கட்டு, பறக்கிற உருவங்கள் என்று ஒரு முழு நகரத்தையே நுணுக்கமாக வரைந்தவர். 1973-ல் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் படத்தை முதல்முறை பார்த்தபோது எங்கள் கடைப் பையன் பூதக்கண்ணாடி எடுத்து வந்துவிட்டான். கோட்டுக்குள் கோடு, அதற்குள் இன்னொரு கோடு. அரை மணி நேரம் அவன் வேலைக்குத் திரும்பவில்லை, நானும் கூப்பிடவில்லை.

நம் ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் அவர்களை மெரினாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். உழைப்பாளர் சிலை முன்னால் நின்று படம் எடுக்காத குடும்பம் உண்டா? அந்தப் பாறையை நெம்புகிற நாலு பேரின் முதுகும் தோளும் யாருக்குப் புரியாமல் போயிற்று? அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பணிக்கருக்கு முன்னால் அதே ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கண்ணகி நகரில் 2020-ல் குடியிருப்புச் சுவர்களில் பெரிது பெரிதாக ஓவியம் வரைந்தார்களே, அங்கேயும் யாரும் யாரிடமும் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லித் தயங்கவில்லை. வெட்டவெளியில் இருந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள். நாலு சுவரும் ஒரு கண்ணாடிக் கதவும் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கதவைத்தான் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

கூடம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படத்துக்குக் கீழே ஒட்டுகிற சீட்டு நான் போன இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. கூடவே தமிழிலும் ஒரு வரி போடுங்கள். ‘கித்தானில் எண்ணெய் வண்ணம்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். தலைப்பே இல்லையென்றால் ‘தலைப்பில்லை’ என்றாவது எழுதுங்கள். வாசலில் ‘வாருங்கள், படம் பார்க்கலாம், கட்டணம் இல்லை’ என்று ஓர் அட்டை. அழைப்பிதழில் பத்து, இருபதைப் பக்கத்து டீக்கடையிலும் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியரிடமும் கொடுங்கள். வாசலில் நிற்பவரிடம் “யார் வந்தாலும் உள்ளே அனுப்புங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போன மாதம் ஓர் இளம் ஓவியர் தன் கண்காட்சிக்கு நான் கேட்டதற்காகத் தமிழ்ச் சீட்டு போட்டார். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது என் மனைவி. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்த கொத்தனார் ஒருவர் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்துப் படித்துப் பார்த்தார். ஒரு சுவர் ஓவியத்தின் முன்னால் நின்று, பூச்சு காயும் முன்னே வரைந்ததா, காய்ந்த பிறகு வரைந்ததா என்று கேட்டார். அந்த ஓவியர் அவரை விட்டு நகரவே இல்லை.

நானும் என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, இந்த வாரம் எங்கே திறப்பு, எத்தனை மணிக்கு என்று சாக்பீஸில் எழுதிப் போடுகிறேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படிக்கிறார்கள். ஆனால் என் பலகையை என் தெரு மட்டும்தானே பார்க்கும்? உங்கள் பத்திரிகை இங்குள்ள டீக்கடையில் எல்லாம் தொங்குகிறது. குப்பத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவர் சத்தமாகப் படிக்கிறார். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் ஓவியக் கண்காட்சிகளுக்கு மூன்று வரி ஒதுக்கினால் அது நேராக அவர்கள் கைக்குப் போய்விடும். விமர்சனக் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. பெரிய படம் போடச் சொல்லவில்லை. யாருடைய ஓவியம், எந்த இடம், எத்தனை மணி. அவ்வளவுதான்.

விவரம் திரட்ட ஆள் இல்லை என்றால் எங்கள் பகுதிக்கு நானே பொறுப்பு. திறப்புக்கு முன்னால் ஓவியர்கள் எப்படியும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் தமிழில் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். மற்ற பகுதிகளிலும் என்னைப் போல் யாராவது ஒரு பிரேம் கடைக்காரர் இருப்பார். கேட்டால் அவரும் செய்வார்.

கடைசியில் இடம் இருந்தால் மட்டும் நாலாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘அனுமதி இலவசம், யாரும் வரலாம்.’ வருகிற சனிக்கிழமை இன்னொரு திறப்பு இருக்கிறது. அண்ணனிடமும் பேத்தியிடமும் சொல்லிவிட்டேன். இந்த முறை நான் உள்ளே போய் நிற்கப் போவதில்லை, வாசலிலேயே நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரர்,
ஈஞ்சம்பாக்கம், சென்னை.